ராத்திரி முகத்துக்கு எதை எந்த வரிசையில் போடுவது? தொட்டால் சொரசொரப்பாக இருக்கிறது

மழைத்துளி:

எல்லோருக்கும் வணக்கம். வயது 34, மாநிறம். நெற்றியில் விரலை ஓட்டினால் பொடிப் பொடியாக ஏதோ தட்டுப்படுகிறது. கண்ணாடியில் நேராகப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. மூக்கின் இரு பக்கமும் தோல் லேசாக உரிகிறது. முகம் கழுவிய கொஞ்ச நேரத்திலேயே கன்னம் இறுகிவிடும். மாதவிலக்கு நெருங்கும்போது தாடை ஓரத்தில் ஒன்றிரண்டு பரு வரும். பரு போனாலும் அந்த இடம் மாதக்கணக்கில் கருத்தே கிடக்கும். இது போக, மேல்கைகளின் பின்பக்கம் முழுக்க முள் முள்ளாகச் சொரசொரப்பு.

இதுவரை முகத்துக்கு நான் போட்டது குளியல் சோப்பு மட்டும். இப்போது தங்கை ஒரு பெட்டி நிறையப் பொருட்கள் பரிசாக அனுப்பியிருக்கிறாள். நுரை வரும் ஃபேஸ் வாஷ், 7 சதவீத கிளைகோலிக் ஆசிட் டோனர், 0.3 சதவீத ரெட்டினால் சீரம், 5 சதவீத நியாசினமைடு சீரம், செராமைடு க்ரீம். எல்லாம் சீல் பிரிக்காமல் அலமாரியில் இருக்கின்றன.

எதை முதலில் போடுவது, எல்லாவற்றையும் ஒரே ராத்திரியில் போடலாமா, நாள் விட்டு நாள் போடுவதா என்று புரியவில்லை. தேடிப் பார்த்தால் பத்துப் படி, பன்னிரண்டு படி என்கிறார்கள். பிள்ளை தூங்கிய பிறகு எனக்குக் கிடைப்பதே பத்து நிமிடம்தான். அதற்குள் முடிகிற மாதிரி, சருமம் வழவழப்பாக வர ஒரு வழி சொல்லுங்கள். எவ்வளவு காலத்தில் வித்தியாசம் தெரியும் என்பதையும் சொன்னால் நல்லது. எதையாவது போட்டு முகம் கருத்துவிடுமோ என்பதுதான் என் பெரிய பயம்.

ஒப்பனைமேசை:

வணக்கம் தோழி. நான் மேக்கப் கலைஞர். யாராவது ஒருவருடைய முகத்தைத் தொட்டுப் பார்த்துத்தான் தினமும் என் வேலை தொடங்கும். ஃபவுண்டேஷன் போட்டதும் சருமம் எல்லாவற்றையும் காட்டிக்கொடுத்துவிடும். உரிகிற இடத்தில் திட்டுத் திட்டாகப் பிடிக்கும், துளை அடைத்த இடத்தில் மேடு தெரியும், ஈரம் இல்லாத கன்னத்தில் கோடு கோடாகப் பிரியும். அப்படிப் பார்த்துப் பழகிய கண்ணோடு சொல்கிறேன்: நீங்கள் எழுதியிருப்பது ஒரே சொரசொரப்பு இல்லை. முகத்தில் மூன்று, கையில் ஒன்று. நான்குக்கும் வேண்டியது வேறு வேறு. எந்தக் குப்பியையும் திறப்பதற்கு முன்னால் இதைப் பிரித்துப் பார்த்துவிடுங்கள்.

இன்று ராத்திரி முகம் கழுவிவிட்டு எதுவும் போடாமல் அரை மணி நேரம் விடுங்கள். அப்புறம் அறை விளக்கை அணைத்துவிட்டு, ஃபோன் டார்ச்சைக் காதுப் பக்கத்திலிருந்து குறுக்காக அடித்துக் கண்ணாடியில் பாருங்கள். நேர் வெளிச்சத்தில் தெரியாத மேடெல்லாம் நிழலோடு தெரியும். நெற்றியில் இருப்பவை தோல் நிறத்திலேயே, அரிப்பு இல்லாமல், பெரிதும் சிறிதுமாக இருந்தால் அவை வாய் மூடிய வெண்புள்ளிகள், அதாவது வைட்ஹெட். மயிர்க்கால் துளைக்குள் எண்ணெயும் செத்த செல்களும் சேர்ந்து அடைத்துக்கொண்டது. ஆனால் எல்லாம் ஒரே அளவில் சிவந்து, வியர்த்தால் அரிக்கும் என்றால் அது பருவே இல்லை; மலசீசியா என்ற பூஞ்சையால் மயிர்க்கால்கள் வீங்குவது. பரு க்ரீம் எவ்வளவு போட்டாலும் அது போகாது, பூஞ்சைக்கான மருந்து வேண்டும்.

மூக்குப் பக்கத்தையும் அதே மாதிரி பாருங்கள். வெறும் வறட்சி என்றால் க்ரீம் போட்ட சில நாளில் அடங்கும். உரிதலோடு சிவப்பும் இருந்து, செதில் எண்ணெய்ப் பசையாக, புருவத்திலும் தலையிலும் பொடுகு மாதிரி இருந்தால் அது செபோரிக் டெர்மடைடிஸ் என்ற தோல் அழற்சி. அதை ஆசிட் போட்டு உரிக்கவே கூடாது, தோல் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.

கன்னம் இறுகுவதற்குக் காரணம் அநேகமாகச் சோப்புதான். நம் தோலின் மேற்பரப்பு லேசான அமிலத் தன்மை கொண்டது, பிஎச் சுமார் 5. வழக்கமான குளியல் சோப்பு அதற்கு நேர்மாறாகக் காரத் தன்மை கொண்டது, 9, 10 என்று இருக்கும். தோலின் மேலடுக்கைச் செங்கல் சுவர் மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். செத்துத் தட்டையான செல்கள்தான் செங்கல். செராமைடு, கொலஸ்ட்ரால், கொழுப்பு அமிலங்கள் மூன்றும் கலந்தது இடையில் இருக்கும் சாந்து. சோப்பு அழுக்கோடு சேர்த்து இந்தச் சாந்தையும் கொஞ்சம் கரைத்துக்கொண்டு போகிறது. சாந்து குறைந்தால் உள்ளே இருக்கும் நீர் ஆவியாகும், செல்களின் ஓரம் தூக்கிக்கொள்ளும். அந்தத் தூக்கிய ஓரத்தைத்தான் உங்கள் விரல் சொரசொரப்பு என்று உணர்கிறது.

இதை இவ்வளவு நீட்டிச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. சருமம் வழவழப்பாக வேண்டும் என்றதுமே எல்லோர் கையும் தேய்க்கிற, உரிக்கிற பொருளுக்குத்தான் போகிறது. என் நாற்காலியில் வந்து உட்காருபவர்களில் தொட்டதும் மிருதுவாக இருக்கும் முகம், நிறைய உரித்த முகம் அல்ல. ஈரம் நிறைந்த முகம். ராத்திரியில் தோலிலிருந்து நீர் ஆவியாவது பகலைவிட அதிகம். அதனால் உங்கள் பத்து நிமிடத்தில் பெரும்பகுதி ஈரத்தைப் பிடித்து வைப்பதற்கே போகட்டும்.

முதல் இரண்டு வாரம் கழுவுவதும் க்ரீம் போடுவதும் மட்டும்தான். ஃபேஸ் வாஷை முதலில் கையிலேயே குழைத்து நுரையாக்கிவிட்டு முகத்தில் அரை நிமிடம் தடவி, வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவுங்கள். சுடுதண்ணீர் வேண்டாம். சன்ஸ்கிரீனோ மேக்கப்போ போட்ட நாளில் மட்டும், அதற்கு முன்னால் மேக்கப்பை நீக்கும் க்ளென்சிங் பாமோ மைசெல்லர் தண்ணீரோ வைத்துத் துடைத்துவிடுங்கள். கழுவிய பிறகும் கன்னம் இறுகினால் அந்த ஃபேஸ் வாஷ் உங்களுக்கு ஆகவில்லை. நுரை வராத, மணம் சேர்க்காத க்ளென்சருக்கு மாறிவிடுங்கள். பரிசாக வந்தது என்பதற்காகத் தொடர வேண்டாம். துண்டால் ஒற்றி எடுத்துவிட்டு, தோல் கொஞ்சம் ஈரமாக இருக்கும்போதே செராமைடு க்ரீமைப் போடுங்கள். கழுத்தையும் தாடைக்குக் கீழேயும் மறக்க வேண்டாம்; பலருக்கு முகம் ஒரு மாதிரி, கழுத்து ஒரு மாதிரி இருப்பதைத் தினமும் பார்க்கிறேன். மூக்கின் ஓரத்திலும் வாயின் ஓரத்திலும் அதற்கு மேல் பெட்ரோலியம் ஜெல்லியை மெல்லிசாகத் தொட்டு வையுங்கள். நீர் ஆவியாவதைத் தடுப்பதில் அதை மிஞ்சிய பொருள் கிடையாது, கிட்டத்தட்ட 99 சதவீதம் தடுக்கும்.

இந்த இரண்டு வாரத்திலேயே கன்னம் மாறுவது தெரியும். நெற்றி மாறாது, அதற்கு வேறு வேலை இருக்கிறது.

மூன்றாவது வாரம் நியாசினமைடைச் சேர்த்துக்கொள்ளுங்கள், அது வைட்டமின் பி3யின் ஒரு வடிவம். கழுவிய பிறகு, க்ரீமுக்கு முன்னால். இது யாரோடும் சண்டை போடாத பொருள், தினமும் போடலாம், தோலே செராமைடு தயாரிக்கவும் உதவும். அது பழகிய பிறகு, செத்த செல்களை உதிர்க்கும் கிளைகோலிக் ஆசிட், வாரம் ஒரு ராத்திரி மட்டும். முகம் நன்றாக உலர்ந்த பின் நெற்றியிலும் தாடையிலும் தடவி, மேலே க்ரீம். உரிகிற மூக்கோரத்தில் வேண்டாம். ஆசிட் போட்ட ராத்திரி பெட்ரோலியம் ஜெல்லியையும் வைக்காதீர்கள், மூடி வைத்தால் ஆசிட் இன்னும் ஆழமாக இறங்கும். எரிச்சல் இல்லை என்றால் ஒரு மாதம் கழித்து வாரம் இரண்டாக்கலாம். அதற்கு மேல் உங்களுக்குத் தேவைப்படாது.

ரெட்டினால் குப்பி இப்போதைக்கு மூடியே இருக்கட்டும். கர்ப்பமாக இருக்கிறீர்களா, அப்படி ஒரு எண்ணம் இருக்கிறதா என்று தெரிந்த பிறகு அதைப் பற்றிப் பேசலாம்.

கருத்துவிடும் என்ற பயம் நியாயமானது. நம் போன்ற மாநிறத்துக்கும் அதைவிடக் கருத்த நிறத்துக்கும் சின்ன எரிச்சல்கூட அடையாளம் விட்டுவிட்டுத்தான் போகும். அதனால்தான் ஒவ்வொரு பொருளாக, இடைவெளி விட்டு என்று சொல்கிறேன். எல்லாவற்றையும் ஒன்றாகத் தொடங்கினால், எரிச்சல் வரும்போது யார் மீது பழி போடுவது என்றே தெரியாது.

மருந்தாளுநர்:

ஒப்பனைமேசை அக்கா சொன்ன வரிசை சரியானது. ரெட்டினாலைப் பற்றி மட்டும் விரிவாகச் சொல்கிறேன், நான் மருந்தாளுநர், இந்தக் கேள்வி என்னிடம் அடிக்கடி வரும்.

ரெட்டினால் என்பது வைட்டமின் ஏ. தோலுக்குள் போனதும் முதலில் ரெட்டினால்டிஹைடாகி, அப்புறம் ரெட்டினாயிக் அமிலமாக மாறும். வேலை செய்வது அந்தக் கடைசி வடிவம்தான். மருத்துவர் எழுதித் தரும் ட்ரெட்டினாயின் நேரடியாக அதே அமிலம், அதனால் வீரியம் அதிகம். 1971ல் பருவுக்கான மருந்தாக அமெரிக்காவில் அனுமதி பெற்றது. 1996ல் வந்த அடாபலீனும் அதே குடும்பம். இவை மேலடுக்கைச் சும்மா உரிப்பதில்லை. செல்கள் அடியிலிருந்து வளர்ந்து மேலே வரும் போக்கையே ஒழுங்குபடுத்துகின்றன, துளை அடைப்பது குறைகிறது. நெற்றியில் இருக்கும் வெண்புள்ளிக்கு இந்தக் குடும்பத்துக்கு நிகர் குறைவு. வெளிச்சமும் காற்றும் பட்டால் ரெட்டினால் கெட்டுவிடும். ஒளி புகாத பம்ப் குப்பியில் வருவதும் ராத்திரியில் போடச் சொல்வதும் அதனால்தான். உங்கள் குப்பி கண்ணாடி போலத் தெளிவாக, டிராப்பரோடு இருந்தால் இருட்டான அலமாரியில் வையுங்கள்.

கர்ப்ப காலத்தில் இவை வேண்டாம். இதே குடும்பத்தில், வாயால் சாப்பிடும் ஐசோட்ரெட்டினாயின் கருவுக்குக் கடுமையான குறைபாடுகளை உண்டாக்கும் என்பது உறுதியாகத் தெரிந்தது. மேலே பூசுவதில் உடம்புக்குள் போவது மிகக் குறைவு என்றாலும், முகத்தை அழகுபடுத்துவதற்காக அந்த அபாயத்தை எடுக்க எந்த மருத்துவரும் சொல்லமாட்டார். குழந்தைக்கு முயற்சி தொடங்கும்போதே நிறுத்திவிட வேண்டும்.

அப்படி எதுவும் இல்லாதவர்கள் போடும்போது பட்டாணி அளவுதான் முழு முகத்துக்கும். முகம் முழுக்க உலர்ந்த பிறகு, நெற்றி, இரு கன்னம், தாடை என்று புள்ளி வைத்து மெல்லப் பரப்பவும். வறண்ட சருமம் என்றால் க்ரீம், ரெட்டினால், மறுபடி க்ரீம் என்று போடலாம். வாரம் இரண்டு ராத்திரியில் தொடங்கினால் போதும். முதல் சில வாரம் உரிதல் இருக்கும், தோல் பழகிக்கொள்ளும். கிளைகோலிக் போடும் ராத்திரி ரெட்டினால் வேண்டாம், இரண்டும் தனித்தனி ராத்திரி.

கிளைகோலிக் பற்றியும் ஒரு சொல். இந்த ஆல்ஃபா ஹைட்ராக்ஸி ஆசிட்கள் தோல் சிகிச்சைக்குள் வந்தது அழகுக்காக அல்ல. தோல் தடித்துச் செதில் செதிலாகும் இக்தியோசிஸ் என்ற நோயில் இவை செதிலைத் தளர்த்துகின்றன என்று 1974ல் வான் ஸ்காட், யூ என்ற இருவர் எழுதினார்கள். செல்களை ஒன்றோடொன்று பிடித்து வைத்திருக்கும் பிணைப்பை இவை தளர்த்தும். அப்போது புதிதாக வெளியே வரும் தோலுக்கு வெயில் தாங்கும் சக்தி குறைவு. நிறுத்திய பிறகும் ஒரு வாரம் வரை அது நீடிக்கும். ராத்திரி ஆசிட் போட்டுவிட்டுக் காலையில் சன்ஸ்கிரீன் போடாவிட்டால், தழும்பு மங்குவதற்குப் பதில் கருமை கூடும். எஸ்.பி.எஃப். 30க்குக் குறையாமல், முகத்துக்கும் கழுத்துக்கும் சேர்த்து இரண்டு விரல் நீளம் எடுங்கள். மாநிறத்துக்கு இன்னொன்று: கண்ணுக்குத் தெரியும் சாதாரண வெளிச்சமே கருமையைத் தூண்டும். அதை வெள்ளை சன்ஸ்கிரீன் அதிகம் தடுக்காது. அயர்ன் ஆக்சைடு கலந்த, தோல் நிறத்தில் வரும் சன்ஸ்கிரீன் தடுக்கும்.

கடைசியாக, கேட்காமலே ஒன்று சொல்கிறேன். ஒரே வாரத்தில் முகத்தைப் பளபளப்பாக்கும் ராத்திரி க்ரீம் என்று யாராவது கொடுத்தால், மேலே என்னென்ன கலந்திருக்கிறது என்று அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள். பீட்டாமெத்தசோன், மொமெட்டசோன், க்ளோபெட்டசால் என்று இருந்தால் அது ஸ்டீராய்டு. எதுவுமே அச்சிடவில்லை என்றால் தொடவே வேண்டாம், பாதரசம்கூட இருக்கலாம். ஸ்டீராய்டு போட்டால் முதலில் உண்மையிலேயே வழவழப்பாகும். சில மாதத்தில் தோல் மெலிந்து, ரத்தக் குழாய் சிவப்பாகத் தெரியும், முடி முளைக்கும், பருவாகக் கொட்டும். நிறுத்தினால் முகம் எரிந்து சிவக்கும், அதனால் நிறுத்தவும் முடியாது. அப்படிச் சிக்கியவர்களை வாரா வாரம் பார்க்கிறேன், மனசு கஷ்டமாக இருக்கும்.

சவரமுகம்:

ஆண்களும் இதைப் படிப்பார்கள் என்பதால் எழுதுகிறேன். எனக்குச் சொரசொரப்பு கழுத்தில், தாடி வழிக்கும் இடத்தில். சுருண்ட முடி, ஒட்ட வழித்தால் முனை திரும்பி உள்ளேயே வளர்ந்து, அந்த இடம் தடித்துக் கருத்துவிடும். தோல் மருத்துவர் சொன்னது இரண்டு. ஒட்ட வழிக்காமல் டிரிம்மரால் துளி நீளம் விட்டு வெட்டுவது ஒன்று. ராத்திரி 2 சதவீத சாலிசிலிக் ஆசிட், மேலே க்ரீம் என்பது இன்னொன்று. சாலிசிலிக் எண்ணெயில் கரையும் என்பதால் துளைக்குள்ளே போய் அடைப்பை இளக்கும். மறுநாள் காலையில் சவரம் இருந்தால் முந்தின ராத்திரி ஆசிட் போடமாட்டேன், போட்டால் பயங்கரமாக எரியும். மேடு அடங்கிவிட்டது. கருமை மட்டும் மெதுவாகத்தான் போகிறது.

மழைத்துளி:

ஒப்பனைமேசை அக்கா, மருந்தாளுநர் சார், மிக்க நன்றி. டார்ச் அடித்துப் பார்த்தேன். நெற்றியில் இருப்பது தோல் நிறம்தான், அரிப்பு இல்லை, ஒரே அளவாகவும் இல்லை. புருவத்திலோ தலையிலோ செதில் எதுவும் இல்லை.

இன்னொரு விஷயம். இரண்டாவது குழந்தைக்கு யோசித்துக்கொண்டிருக்கிறோம், இந்த வருடத்திலேயே. அப்படியானால் ரெட்டினால் கிடையாது, சரி, தங்கைக்கே திருப்பிக் கொடுத்துவிடுகிறேன். நெற்றிக்கும் கருத்த அடையாளத்துக்கும் வேறு என்ன போடலாம்? கிளைகோலிக்கும் கூடாதா? கைக்கு என்ன செய்வது என்றும் சொல்லவில்லையே அக்கா.

ஒப்பனைமேசை:

நல்ல வேளை கேட்டீர்கள். குழந்தைக்கு யோசிப்பவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் தோல் மருத்துவர்கள் அதிகம் எழுதித் தருவது அசிலாயிக் ஆசிட். பருவுக்கும், அடைத்த துளைக்கும், பரு விட்டுப்போன கருமைக்கும் மூன்றுக்கும் சேர்த்து வேலை செய்கிற அபூர்வமான பொருள். 10 சதவீதத்தில் அழகுசாதனமாகக் கிடைக்கும், 15, 20 சதவீதம் மருந்தாக வரும். உங்கள் நிலைமைக்கு இதைத்தான் முதலில் சொல்வேன். கருமையான இடத்தை மட்டுமே குறிவைக்கும், இயல்பான நிறத்தை வெளுக்க வைக்காது. மாநிறக்காரர்களுக்கு நான் இதை விரும்பிச் சொல்வதற்கு அதுதான் காரணம்.

கிளைகோலிக் அந்தச் சதவீதத்தில் வாரம் ஒரு முறை என்றால் கர்ப்ப காலத்திலும் பொதுவாகத் தடை இல்லை. ஆனால் உங்களைப் பார்க்கும் மகப்பேறு மருத்துவரிடம் குப்பியைக் காட்டிக் கேட்டுக்கொள்ளுங்கள், என் வார்த்தையை மட்டும் நம்பி வேண்டாம்.

அப்படியானால் உங்கள் ராத்திரி இப்படி இருக்கும். தினமும் கழுவி, ஈரத்தோடு க்ரீம். இரண்டு வாரம் கழித்து அசிலாயிக். முதலில் வாரம் மூன்று ராத்திரி, உலர்ந்த முகத்தில், மேலே க்ரீம். தோல் ஏற்றுக்கொண்டால் தினமும் போடலாம். அது தினசரியாகி ஒரு மாதம் எந்தத் தொந்தரவும் இல்லை என்றால் மட்டும் கிளைகோலிக் வாரம் ஒரு ராத்திரி, அன்றைக்கு அசிலாயிக் விடுப்பு. நியாசினமைடைக் காலையில் சன்ஸ்கிரீனுக்கு முன்னால் மாற்றிக்கொள்ளுங்கள், ராத்திரி வேலை இன்னும் சுருங்கும். கழுவ, ஒற்ற, உலர, பூச என்று எல்லாவற்றுக்கும் பத்து நிமிடமே தாராளம். உலரும் நேரத்தில் பல் துலக்கிவிடலாம், நான் அப்படித்தான் செய்கிறேன்.

புதுப் பொருள் எதுவானாலும் முகத்துக்கு முன்னால் முழங்கையின் உள்மடிப்பில் ஒரு ரூபாய் நாணயம் அளவு இடத்தில் ஒரு வாரம் பூசிப் பாருங்கள். தடிப்பு, அரிப்பு இல்லை என்றால் முகத்துக்குக் கொண்டு வாருங்கள்.

எவ்வளவு காலம் என்று கேட்டிருந்தீர்கள். கன்னத்து இறுக்கமும் மூக்கோர உரிதலும் இரண்டு வாரத்தில். நெற்றிக்கு மூன்று மாதம் கொடுங்கள், அதற்குள் தீர்ப்புச் சொல்ல வேண்டாம். மேல்தோலின் அடியில் பிறக்கும் ஒரு செல் மேலே வந்து உதிரவே இளவயதில் ஏறக்குறைய நான்கு வாரம் ஆகும், வயது ஏற ஏற இன்னும் கூடும். இப்போது போடுவதன் பலன் இனிமேல் வரப்போகும் தோலில்தான் தெரியும். கருமைக்கு ஆறு மாதம்கூட ஆகலாம். இதை முன்கூட்டியே சொல்வதற்குக் காரணம், மூன்றாவது வாரத்தில் மனம் தளர்ந்து வேறு குப்பிக்குத் தாவுகிறவர்கள்தான் என்னிடம் அதிகம் வருகிறார்கள். மாதம் ஒரு முறை, அதே டார்ச், அதே பக்கம், அதே தூரத்தில் ஃபோட்டோ எடுத்து வையுங்கள். தினம் பார்க்கும் கண்ணுக்குத் தெரியாத மாற்றம் ஃபோட்டோவில் தெரியும்.

கைக்கு வருகிறேன். அதன் பெயர் கெரட்டோசிஸ் பைலாரிஸ். கெரட்டின் என்ற புரதம் மயிர்க்கால் வாயில் அடைத்துக்கொள்வதுதான், நோய் என்று பயப்பட ஒன்றும் இல்லை, பரம்பரையாக வரும். உங்கள் அம்மாவுக்கோ அப்பாவுக்கோ இருக்கிறதா என்று பாருங்கள். பீர்க்கு நார், பிரஷ் எல்லாம் வைத்துத் தேய்த்தால் சிவந்து இன்னும் கருக்கும், தயவுசெய்து தேய்க்காதீர்கள். யூரியா 10 சதவீதத்திலிருந்து 20 சதவீதம் வரை உள்ள லோஷன், அல்லது 12 சதவீத லாக்டிக் ஆசிட் லோஷன், இரண்டில் ஒன்றைக் குளித்து ஒற்றியதும் ஈரத்தோடு பூசுங்கள். யூரியா குறைந்த அளவில் ஈரம் பிடிக்கும், கூடும்போது தடித்த தோலையும் இளக்கும். கைக்கு முகத்தைவிட அதிகம் தாங்கும் சக்தி உண்டு, தினமும் போடலாம். நிறுத்தினால் திரும்ப வரும், அதனால் பல் துலக்குவது போலத் தொடர வேண்டியதுதான்.

முகத்துக்கான சாமான்களைக் கைக்குச் செலவழிக்க வேண்டாம். கைக்குப் பெரிய பாட்டில் லோஷன் தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.

மழைத்துளி:

கை விஷயம் அப்பாவிடமிருந்து வந்தது என்று இப்போதுதான் தெரிகிறது! அவருக்கும் அப்படியே இருக்கும்.

கடைசியாக ஒரே ஒரு சந்தேகம். அசிலாயிக் போட்டால் சுள்ளென்று இருக்கும் என்று ஒருத்தர் சொன்னார். எந்த அளவு வரை பொறுத்துக்கொள்ளலாம், எப்போது நிறுத்த வேண்டும்?

மருந்தாளுநர்:

அசிலாயிக்கில் முதல் சில வாரம் அரிப்பும் சுள்ளென்ற உணர்வும் சாதாரணம். போட்ட சில நிமிடத்தில் தொடங்கி, கால் மணி, அரை மணிக்குள் அடங்கிவிட்டால், தோலில் சிவப்பு இல்லை என்றால் தொடருங்கள். பிடிக்கவில்லை என்றால் முதலில் க்ரீம், அதற்கு மேல் அசிலாயிக் என்று மாற்றிப் பாருங்கள், வீரியம் கொஞ்சம் குறையும், எரிச்சலும் குறையும்.

காலையில் எழுந்த பிறகும் முகம் எரிந்தால், வெறும் தண்ணீர் பட்டாலே எரிந்தால், தோல் பளபளவென்று இழுத்துக் கட்டியது போல இருந்தால் மேலடுக்கு பாதிக்கப்பட்டிருக்கிறது என்று பொருள். எல்லா ஆசிடையும் நிறுத்திவிட்டு, மணம் சேர்க்காத க்ளென்சரும் செராமைடு க்ரீமும் மட்டும் போடுங்கள். எரிச்சல் முழுக்கப் போய் இன்னும் ஒரு வாரம் கழித்து, வாரம் ஒரு ராத்திரி என்று மறுபடி தொடங்கலாம்.

கண் இமை வீங்கினாலோ, கொப்புளம் வந்தாலோ, பூசாத இடத்துக்கும் தடிப்பு பரவினாலோ அது வெறும் எரிச்சல் இல்லை, ஒவ்வாமையாக இருக்கலாம். அதை மறுபடி போடவே கூடாது. அன்றைக்கே மருத்துவரிடம் போங்கள், போகும்போது குப்பியையும் கையோடு கொண்டு போங்கள். மேலே அச்சிட்டிருப்பதைப் பார்த்தால் எந்தப் பொருள் ஒத்துக்கொள்ளவில்லை என்று கண்டுபிடிக்க அவருக்கு எளிதாக இருக்கும்.